பொன்னாடைச் சம்பளம்

கடாரத்தில், அதாவது மலேசியாவின் கெடாவில், பாட்டுக்காரனுக்குச் சம்பளம் துணியில் தரப்படுகிறது. மஞ்சளோ சிவப்போ, ஓரத்தில் தங்க நிறக் கரை. தோளில் போட்டுக் கையைக் கூப்பி, படம் எடுத்து முடித்ததும் கணக்குத் தீர்ந்தது. அந்தத் துணியை உடுத்த முடியாது. குளித்துவிட்டுத் துடைக்கலாம் என்றால் தண்ணீரை இழுக்காது. அடகுக் கடைத் தவுக்கேயிடம் நீட்டினால் மனிதர் ஒரு வார்த்தை திட்டாமல் திருப்பிக் கொடுப்பார், பாவம். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடி வெளியிடுகிற எந்தப் பையன் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இந்தத் துணி ஓர் அடுக்கு இருக்கும். பக்கத்தில் அக்ரிலிக் கேடயங்கள். ஒன்றிரண்டில் அவன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடித்திருப்பார்கள்.

அந்தப் பையன் யார் என்று கேட்பீர்கள். பாட்டன் ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனையாக மாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது அப்பா தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்து லோரி ஓட்டினார். பையன் கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்கிறான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். விடியுமுன் கம்பெனி பஸ் முச்சந்தியில் வந்து நிற்கும், ஏறியதும் தூங்கிவிடுவான். தூசி நுழையாத அறையில் தலை முதல் கால்வரை வெள்ளை அங்கியால் மூடிக்கொண்டு, எந்த நாட்டுக் காருக்கோ போகிற சில்லை நாளெல்லாம் பார்க்கிறான். அங்கே வாய் திறந்து பாட முடியாது. மெட்டு வந்தால் மனசுக்குள் வைத்திருந்து, சாப்பாட்டு வேளையில் கழிவறைக்குப் போய்க் கைப்பேசியில் முனகிப் பதிந்துகொள்வான். நம் காலத்துத் தனிக் கலைஞனின் இசைக்கூடம் இதுதான்: ஃபிளஷ் சத்தத்தோடு ஆதி தாளத்தில் ஒரு பல்லவி.

இரவு வீட்டுக்கு வந்தால் இரண்டாவது ஷிப்ட். பின்னறையின் ஜன்னலுக்கு மெத்தையை நிறுத்தி, சுவரில் முட்டைத் தட்டு ஒட்டியிருக்கிறான். முட்டைத் தட்டு வெளிச்சத்தத்தை ஒரு துளியும் தடுப்பதில்லை. கரப்பான் பூச்சிக்கு அடுக்குமாடி வீடு கட்டிக் கொடுத்ததுதான் மிச்சம். மைக் நுட்பமானது, காற்றாடி ஓடினால் அதையும் பிடித்துவிடும். ஆகவே காற்றாடியை நிறுத்திவிட்டு, போர்வையைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, கெடாவின் வெக்கையில் காதல் பாட்டுப் பாடுகிறான். மழை வந்தால் வேலை நின்றது. பின்பக்கம் தகரக் கூரை. அதில் மழை விழும் சத்தத்துக்கு மேல் எந்த மென்பொருளாலும் குரலைப் பிரித்தெடுக்க முடியாது. நல்ல டேக் வருகிற இரவுகளில்தான் பக்கத்து வீட்டு நாய்க்கும் குரல் திறக்கும். இத்தனையும் முடிந்து ஒரு பாட்டு உருவானால் அதைச் சுத்தம் செய்து கலவை பார்க்க கோலாலம்பூரில் ஒருவருக்குக் காசு. வீடியோ எடுப்பவருக்குக் காசு. வீடியோவில் காடி வேண்டும், அதுவும் பெரிய காடி, இல்லாவிட்டால் சொந்தக்காரனே பார்க்கமாட்டான். வாடகைக் காடிக்குக் காசு. பாட்டை இணையக் கடைகளில் ஏற்றிவிடும் நிறுவனத்துக்கு ஆண்டுச் சந்தா.

பாட்டு வெளிவந்த அன்று மாமா ஒருவர் குடும்பக் குழுவில் எழுதுவார்: "சூப்பர்டா தம்பி! அந்தப் பாட்ட எம்பி3யா வாட்சாப்புல அனுப்பு. லிங்க் வேணாம், டேட்டா புடிக்கும்."

மாமாவைப் பிறகு பார்த்துக்கொள்வோம். தலைவர்களுக்கு வருகிறேன்.

நம் ஊரில் விருந்து நிகழ்ச்சி இல்லாத சனிக்கிழமை கிடையாது. கோயில் திருப்பணி நிதி, தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதி, இளைஞர் மன்ற ஆண்டு விழா, தலைவரின் பிறந்த நாள், தலைவருக்கு டத்தோ பட்டம் கிடைத்ததற்கு நன்றி தெரிவிக்கும் நாள். சீனர் சங்க மண்டபம் ஒன்றை எடுத்து, வட்ட மேசை போட்டு, மேசைக்கு இவ்வளவு என்று விற்றுவிடுவார்கள். பாட்டுக்காரனுக்கு இரண்டு வாரம் முன்பே குரல் செய்தி வந்துவிடும். "தம்பி, நம்ம நிகழ்ச்சிதான்லா. பேமெண்ட்டு பெருசா எதிர்பாக்காத. டத்தோ வராரு, வொய்.பி. வராரு, நாலு பேரு பாத்தா ஒனக்குத்தான நல்ல எக்ஸ்போஷர்." பெருசா என்று சொன்னாரே, அப்படியானால் சிறுசா ஏதோ இருக்கும் என்று நம்பிப் பையன் ஷிப்டை மாற்றிக்கொள்கிறான். சிறுசாகவும் இருக்காது.

மண்டபத்துக்கு வாடகை உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணமே உண்டு. கொடுக்காவிட்டால் அவர் ஸ்பீக்கரை லோரியிலிருந்து இறக்கமாட்டார். சமையல்காரர் பாதி வாங்கிக்கொண்டுதான் ஆட்டை வெட்டுவார். நாற்காலி, மேசைத் துணி, மேடைப் பூ, பதாகை, படக்காரர், வாசலில் பன்னீர் தெளிக்கிற சொம்புகூட வாடகைக்கு. மேடையில் கடைசியில் எவனுக்காக இத்தனை ஸ்பீக்கர் இறக்கினார்களோ அவன் ஒருவனுக்குத்தான் இது சமூக சேவை. அவனிடம் நிறுத்தி வைக்க ஒன்றுமில்லை. தொண்டையை லோரியிலேயே விட்டுவிட்டு வர முடியாதே.

ஏழு மணிக்கு வந்துவிடு என்று சொல்லியிருப்பார்கள். எட்டேமுக்காலுக்குச் சிறப்பு விருந்தினர் வருவார். நாதஸ்வரம், மாலை, பொன்னாடை. தேசிய கீதம், கெடா மாநில கீதம், தேவாரம். குத்துவிளக்கு ஏற்ற ஐவர் போவார்கள். ஐந்து முகத்தையும் ஐவர் பங்கிட்டுக்கொள்வது நம் சமூகத்தில் நான் கண்ட ஒரே சமத்துவம். வரவேற்புரை. தலைவர் உரை. ஒவ்வொரு பேச்சாளரும் முன்வரிசையில் இருக்கிற டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ, கவுன்சிலர், கோயில் தலைவர், முன்னாள் கோயில் தலைவர், இருவரும் ஒரே நாற்காலிக்கு வழக்குப் போட்டிருந்தாலும் வரிசை பிசகாமல் விளித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். பிறகு கதவளவு அட்டையில் அடித்த காசோலையைப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் கொடுத்துப் படம். அந்த அட்டையை எந்த வங்கியும் வாங்காது என்று தலைமையாசிரியருக்கும் தெரியும், அவரும் சிரிக்கிறார். சின்னப் பிள்ளைகளின் பரதம். பாவம், அவர்கள் மாலையிலிருந்து சலங்கையோடு ஒன்றுக்குப் போகாமல் நிற்கிறார்கள். சாப்பாடு. அதிர்ஷ்டக் குலுக்கு.

பதினொன்றரைக்குப் பையனைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டுக்கு மண்டபத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். மேடையேறும்போது செயலாளர் காதில் சொல்வார்: "ஓஞ்சொந்தப் பாட்டு ஒண்ணு போதும் தம்பி, மிச்சம் சினிமாப் பாட்டு போடு. ஜனங்க ஆடணும்ல." அந்த ஒரு சொந்தப் பாட்டை, மூன்று மாதம் போர்வைக்குள் வெந்து செய்த பாட்டை, அவன் எடுக்கிறான். சரணத்துக்கு ஏறுகிற இடம். மெட்டு அங்கேதான் திரும்புகிறது, அந்தத் திருப்பத்துக்காகத்தான் பாட்டையே எழுதினான். அறிவிப்பாளர் இன்னொரு மைக்கை எடுக்கிறார். "கே எழுத்துல ஆரம்பிக்கிற வெள்ளை நிற மைவி காடி, வாசல்ல வழிய மறிச்சு நிக்குது. ஓட்டுநர் எங்கிருந்தாலும் உடனே வரவும். மறுபடியும் சொல்றேன்…" மறுபடியும் சொல்கிறார். முழு நம்பரோடு. கெடாவில் எல்லாக் காடியும் கே எழுத்தில்தான் ஆரம்பிக்கும் என்பதால் பாதி மண்டபம் எழுந்து வெளியே போகிறது.

பாட்டு முடியும்போது முன்வரிசையில் மிஞ்சியிருப்பவர், குலுக்கில் ஆறுதல் பரிசாக ரைஸ் குக்கர் வென்ற பாட்டி மட்டும். அந்த இரவில் மேடையிலிருந்தவனைவிட அவர் கூடுதலாகச் சம்பாதித்துவிட்டார். அவர் பாடவும் இல்லை.

பையனுக்குத் துணி. கேடயம். பிரியாணிப் பொட்டலம் ஒன்று, ஆறிப்போனது.

இந்த நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்த மண்டபத்தில் மங்கு கழுவிய வங்காளதேசத் தொழிலாளிக்கும் அது பொருந்தும், பொருந்தவும் வேண்டும். பாடியவன் தொழிலாளி அல்ல. அவன் 'வளர்ந்து வரும் கலைஞர்'. பத்து வருடமாக வளர்ந்து வருகிறான். தலையில் நரை வந்த பிறகும் பதாகையில் அவன் வளர்ந்துகொண்டேதான் இருப்பான். வளர்ந்துவிட்டான் என்று ஒருவன் அறிவித்துவிட்டால் மறுநாள் காசு கேட்பானே.

நம்மிடம் காசே இல்லை என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதப் போவதில்லை. ஏழைச் சமூகம், இருப்பதைக் கொண்டு சந்தோஷமாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வேன். ஆனால் 2018 ஜனவரியில் தமிழ்நாட்டு நடிகர் சங்கம் கட்டடம் கட்டுவதற்கு நிதி வேண்டும் என்று புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்து நட்சத்திர விழா நடத்தியது. சென்னையில் நடிகர்கள் உட்கார ஒரு கட்டடம் எழும்ப நம்மவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். 2025 டிசம்பர் 27ஆம் தேதி அதே புக்கிட் ஜாலிலில் விஜய்யின் 'ஜன நாயகன்' பாடல் வெளியீடு. வடக்கே கெடாவிலிருந்து இரவோடு இரவாக நெடுஞ்சாலையில் காடி காடியாகப் போனார்கள். டோல் கட்டினார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், தங்குவதற்கு அறை எடுத்தார்கள். அதைப் பற்றி எனக்குப் புகாரில்லை. அவரவர் காசு, அவரவர் தலைவன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் எம்பி3 மாமாவையும் கண்டேன். டேட்டா பிடிக்கும் என்று லிங்க்கைத் தொடாத மாமா அங்கே நின்று மூன்று மணி நேரம் நேரலை போட்டார்.

சென்னை முத்திரை குத்தினால்தான் நம் பொருள் நமக்கே பொருளாகத் தெரிகிறது. யோகி பி-யும் நட்சத்ராவும் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். தமிழில் ராப் என்பதை முழுத் தொகுப்பாகச் செய்து கேட்க வைத்தவர்கள் மலேசியப் பையன்கள். சென்னை அப்போதுதான் அதைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் வந்தது. அதற்குப் பிறகுதான் நம் தலைவர்கள் பலர் 'நம்ம பையன்' என்று உரிமை கொண்டாடத் தொடங்கினார்கள். முகேன் ராவ் இங்கேயே பாடிக்கொண்டிருந்த காலத்தில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 2019இல் பிக் பாஸ் வீட்டுக்குள் நூறு நாள் அடைந்து கிடந்து வென்று வந்தார், விமான நிலையத்தில் மாலை. நம்முடைய பிள்ளையின் பாட்டு நம் காதில் விழ வேண்டுமென்றால் அவனைச் சென்னையில் ஒரு வீட்டில் பூட்டி, தொலைக்காட்சியில் காட்டி, ஓட்டுப் போட்டு வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்கள் இதை எழுபதுகளிலேயே கணித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆலிகேட்ஸ் என்று பெயர் வைத்து மலாயில் பாடினார்கள், நாடே தலையில் வைத்துக் கொண்டாடியது. தமிழில் பாடியிருந்தால் இரண்டு பேருக்கும் நல்ல பொன்னாடையாகக் கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் யாராவது எழுந்து "கடாரம் கொண்ட சோழன் பரம்பரை நாம்" என்பார்கள். நம் மேடைகளில் அது இல்லாமல் வணக்கம்கூடத் தொடங்காது. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள் ஐயா. ராஜேந்திரன் 1025இல் கப்பலேறி வந்து அடித்து, யானையையும் பொக்கிஷத்தையும் அள்ளிக்கொண்டு போனது இந்த ஊரிலிருந்து. நாம் வாழ்வது தோற்ற ஊரில், கைதட்டுவது கொள்ளை கொண்டு போனவனுக்கு. நம் பாட்டன் இங்கே வந்தது போர்க்கப்பலில் அல்ல. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலின் மேல்தட்டில் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டு பினாங்கில் இறங்கினார். போகட்டும், அந்தப் பெருமையையாவது உருப்படியாகக் காப்பாற்றினோமா? இங்கே புஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை, அந்தப் பழைய கோயிலை, 2013இல் வீடு கட்டுகிற கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கியது. நம்மவர்கள் அறிக்கை விட்டார்கள். அறிக்கை விடுவதில் நம்மை மிஞ்ச எந்தச் சோழனும் பிறக்கவில்லை. ராஜேந்திரன் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டை 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் கொண்டாடினார்கள். இந்தியப் பிரதமர் வந்தார், இளையராஜா இசை நிகழ்ச்சி நடத்தினார். கடாரத்தில் அந்த வீடியோவை வாட்சாப்பில் பகிர்ந்தோம். நடுவில் 2019இல் 'கடாரம் கொண்டான்' என்று விக்ரம் நடித்த படமும் வந்தது. கதை நடப்பது கோலாலம்பூரில். பெயருக்குக்கூட கடாரத்துக்கு வரவில்லை. வெற்றியை வந்து எடுத்துக்கொண்டு போவதுதான் ஆயிரம் வருடப் பழக்கமாயிற்றே.

சரி, மேடையில் காசு வராது, இணையத்தில் வரும் என்கிறார்கள். உலகமே உன் சந்தை தம்பி என்று பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். (பட்டறை நடத்துகிறவருக்குக் கட்டணம் உண்டு.)

தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகை நினைவிருக்கிறவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். வாளியைக் கொண்டுபோய் வைத்தால் கிராணி மெட்ரோலெக்கை உள்ளே விட்டுப் பார்ப்பார். "இவ்வளவுதான் ரப்பர், மிச்சம் தண்ணி" என்று எழுதிக்கொள்வார். மழை பெய்த மறுநாள் தண்ணி அதிகம். தராசு அவருடையது, பென்சிலும் அவருடையது, கேட்டால் "அடுத்த ஆள்" என்பார். பாட்டன் அந்த வரிசையிலிருந்து பேரனை மீட்டுவிட்டதாக நினைத்துச் செத்துப்போனார். பேரனுக்கு ஸ்டாக்ஹோமில் கிராணி. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. வந்த வருமானத்தை ஒரு தொட்டியில் ஊற்றி, மொத்தக் கேட்பில் உன் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். 2024இலிருந்து இன்னொரு விதி: கடந்த பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு சென்னும் கிடையாது. அந்தப் பாட்டின் பங்கு எங்கே போகும்? தகுதி பெற்ற மற்றப் பாட்டுகளின் கணக்கில் சேர்ந்துவிடும். அதாவது கோப்பையில் பால் குறைவாக இருந்தால் அதைத் திருப்பித் தருவதில்லை, பெரிய வாளிக்காரன் வாளியில் ஊற்றிவிடுகிறார்கள். இந்தத் தைரியம் பழைய தோட்டத்துத் துரைக்குக்கூட வந்ததில்லை. யூடியூப் தன் பங்குக்கு வாசலில் நிறுத்துகிறது: விளம்பரக் காசு வேண்டுமா, 1,000 சந்தாதாரர், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வை கொண்டுவா. நாலாயிரம் மணி நேரம். நம் மக்கள் அதைக் கொடுக்க முடியாதவர்கள் அல்ல. ஒரு சென்னைத் தொடர் நாயகி கண்ணைத் துடைப்பதைப் பார்க்க அதைவிட அதிகம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த நாட்டில் பாட்டெழுதுகிறவருக்கும் மெட்டுப் போடுகிறவருக்கும் உரிமைத் தொகை வசூலித்துக் கொடுக்க எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு 1989இலிருந்து இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பாட்டு எங்கே ஒலித்தது என்று யாராவது எழுதி வைத்தால்தானே காசு திரும்பி வரும்? கோயில் திருவிழாவில் மூன்று இரவு அவன் பக்திப் பாட்டை ஓட விடுகிறார்கள். பட்டியல் கேட்டால் நிர்வாகம் ஏற இறங்கப் பார்க்கிறது. "சாமி பாட்டுக்குக் காசு கேக்குறியா?" சாமிக்குப் போடுகிற தேங்காய்க்குக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கி வந்திருக்கிறார்கள். கற்பூரத்துக்கும்.

ஒருவகைப் பாட்டுக்காரர்களுக்கு மட்டும் நம் ஊரில் கையோடு காசு. உருமி மேளக்காரர்கள். காவடி எடுப்பவன் பேசியதைக் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் நடு வழியில் மேளம் நிற்கும், அருளும் நிற்கும். சாவு வீட்டிலும் அப்படியே. பிணம் அடுத்த மாதம் வா என்று சொல்லாது. அதனால்தானோ என்னவோ, நம் தலைவர்கள் அறிக்கை விட்டுத் திருத்தப் பார்ப்பது எப்போதும் உருமிக்காரர்களைத்தான். மேளம் பக்தியாக இல்லையாம், சினிமா மெட்டு அடிக்கிறார்களாம். அதே தலைவர்களின் விருந்தில் சினிமாப் பாட்டு போடு, ஜனங்க ஆடணும் என்று காதில் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. 2021இல் மாநில அரசு தைப்பூச விடுமுறையை ரத்து செய்தபோது பண்பாடு போச்சு என்று அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கத்த வேண்டியதுதான், நானும் உடன்தான். ஆனால் அந்தப் பண்பாட்டைத் தோளில் மாட்டி, தோல் உரிய அடிக்கிறவனுக்கு விடுமுறைக்குப் பிறகு சாப்பாடு இருக்கிறதா என்று ஒருவரும் அறிக்கை விட்டதாக நினைவில்லை.

பெண்பிள்ளை பாட வந்தால் கணக்கு இன்னும் சுலபம். அவளுக்கு வருகிற முதல் கேள்வி "வீட்ல சம்மதமாம்மா?" இரண்டாவது கேள்வி என்ன உடை என்பது. மூன்றாவது கேள்வியைச் சிலர் நிகழ்ச்சி முடிந்து இரவு ஒன்றரைக்கு அனுப்புகிறார்கள். அவள் தனியாக வர முடியாது, அண்ணனோ அப்பாவோ உடன் வர வேண்டும். ஆகவே ஒரு காசில்லாக் கலைஞருக்கு இரண்டு பேர் சம்பள நாள் போகிறது. அண்ணனுக்குப் பொட்டலமும் கிடையாது.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில், ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, 1946, 47 ஆண்டுகளில், ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்கள் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், கூலிக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். கெடாத் தோட்டங்கள் கொதித்தன. போலீஸ் வந்து அடித்தது, கைது செய்தது. துரை கேட்டது ஒரே கேள்வி: தங்க இடம் கொடுத்தேன், கோயில் கட்ட இடம் கொடுத்தேன், இதற்குமேல் காசு எதற்கு? கூலி கேட்பது நன்றி கெட்ட செயல் என்று அவனுக்கு மனமாரத் தோன்றியது. அந்த மறியலில் நின்றவர்களின் பேரனும் கொள்ளுப் பேரனும்தான் இன்று தலைவர், செயலாளர், பொருளாளர். மேடை கொடுத்தேன், மைக் கொடுத்தேன், டத்தோவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க விட்டேன், இதற்குமேல் காசு எதற்குத் தம்பி என்று அதே கேள்வியை நம் வாயாலேயே கேட்கிறார்கள். வெள்ளைக்காரனாவது தமிழ்ப் பற்று என்று சொல்லி ஏமாற்றவில்லை.

பையன்களிலும் கோளாறு இருக்கிறது, மறைக்கமாட்டேன். காசு கேட்கக் கூச்சம். கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற பயம். இன்னொருவன் இலவசமாகப் பாடினால் இவனும் பாடுவான், இவன் பாடினால் இன்னொருவன் தன் செலவில் ஆட்டக் குழுவும் கொண்டு வருவான். பாட்டன்மார் மரத்தில் கத்தி வைக்கமாட்டோம் என்று ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பேரன்மார் ஒரு சனிக்கிழமை சேர்ந்து வாய் மூடியதில்லை. ஒரு மாநிலத்துப் பாட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாட்சாப் குழுவில்தான் இருக்கிறார்கள். அங்கே நடப்பது யாருடைய வீடியோவுக்கு எத்தனை பார்வை என்ற சண்டை.

ஒரு பையன் மட்டும் கடந்த வருடம் துணிந்தான். பீடோங்காரன். அதே மாதிரிக் குரல் செய்தி வந்தது, நம்ம நிகழ்ச்சிதான்லா என்று. இவன் ஒரு தாளில் தட்டச்சு செய்து அனுப்பினான். பாட்டு ஒன்றுக்கு 300 வெள்ளி. பாதி முன்பணம். எட்டரைக்குள் மேடை. பாடும்போது காடி நம்பர் வாசிக்கக் கூடாது. கீழே வங்கிக் கணக்கு எண்.

தலைவரே அழைத்தார். குரலில் கோபமில்லை, துக்கம்தான். "என்னா தம்பி, தமிழனுக்குத் தமிழனே பில்லு அனுப்புறதா? ஒன்ன எங்க புள்ளயா நெனச்சோம்." பையன் மரியாதையாகவே கேட்டிருக்கிறான்: "அண்ணே, சமையல்காரரும் தமிழர்தானே, அவரு பில்லு அனுப்பலையா?" தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த மாதிரி வாய் இருந்தா நீ முன்னுக்கு வரமாட்ட" என்று வைத்துவிட்டார்.

அந்த நிகழ்ச்சிக்கு வரவேற்புப் பாட்டைக் கணினியிலேயே செய்துகொண்டார்கள். டத்தோவின் பெயரையும் நாலு அடைமொழியையும் கொடுத்தால் அரை நிமிடத்தில் இயந்திரம் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடியும் தருகிறதாம். மேடை கேட்காது, பொட்டலம் கேட்காது. டத்தோவின் பெயரை அது கொஞ்சம் மலையாளம் போல உச்சரித்தது. யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்த முடியவில்லை என்பதுதான் ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரே குறை. அதைப் படக்காரருக்குப் போட்டார்கள். பதினொன்றரை மணிக்குச் சினிமாப் பாட்டுப் பாட வேறொரு பையன் கிடைத்தான், குரூணிலிருந்து, தன் செலவில் மோட்டார் சைக்கிளில் வந்தான். வளர்ந்து வரும் கலைஞர் என்று அறிவித்தார்கள்.